வானத்தைத் தைத்த குசினிக்காரன்

எலும்பு முறிவு வார்டில் பத்துக் கட்டில், மூணு ஃபேன். அதில் ரெண்டு ஃபேன் சும்மா சுத்தும், அவ்வளவுதான். காத்து என்று சொல்லும்படி ஒன்று வருவது நாலாம் நம்பர் கட்டிலுக்கு மேலே தொங்கிய மூணாவது ஃபேனில் இருந்துதான்.

கத்திரி வெயில் நேரம். ஏழாம் நம்பர் கட்டிலில், இடுப்பிலிருந்து கால்விரல் வரை மாவுக்கட்டோடு கிடந்தார் பஸ் கண்டக்டர் சுயம்புலிங்கம். கட்டுக்குள்ளே வேர்க்கும். வேர்த்த இடம் அரிக்கும். அரிக்கிற இடத்துக்கு விரல் எட்டாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவருக்கு அழுகை வந்தது. நாலாம் நம்பர் கட்டிலைப் பார்க்கும்போது பதினோராவது தடவையும் வந்தது.

நாலாம் நம்பர் காலியானால், வார்டில் அதிக நாளாகக் கிடக்கிறவருக்கு அது போகும். அதுதான் அங்கே வழக்கம். சுயம்புவுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், அதுவும் ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில். அவர் எட்டாம் நம்பர் எஸ்தாக்கி.

எஸ்தாக்கி கடற்கரைக்காரர். பதினோரு வருஷம் சரக்குக் கப்பலில் குசினி வேலை, அதாவது சமையல். அந்தக் கப்பல் போனதெல்லாம் உலகத்தின் கீழ்ப்பாதிக்கு: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி. அத்தனை கடலிலும் விழாத மனுஷன் வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து முட்டியை உடைத்துக்கொண்டார். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

சுயம்பு இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழித்தவர். மூணு ஸ்டாப்பிங் தாண்டிய பிறகு, ‘இப்பதான் ஏறினேன்’ என்று சொல்கிறவனைக் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவார். எஸ்தாக்கி வாயைத் திறந்த முதல் நாளே அவர் முடிவு கட்டிவிட்டார், இது டிக்கெட் எடுக்காத கேஸ் என்று.

ஒன்பதாம் நம்பர் பூதத்தானுக்கு அப்படியில்லை. பனையிலிருந்து விழுந்து ரெண்டு கையையும் ஒடித்துக்கொண்ட ஆள் அவர். எஸ்தாக்கி பேசப் பேச, கட்டுப் போட்ட கை ரெண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“கத்திரியாம் கத்திரி!” என்று ஆரம்பித்தார் எஸ்தாக்கி. “உலகத்துக்குத் தெக்க போனா இந்த நேரம் குளிருல பல்லு கிட்டும். நமக்கு மார்கழின்னா அவனுக்குக் கோடை. கிறிஸ்மஸ் அன்னைக்கு வேர்த்து ஊத்தும். அங்க எல்லாம் தலைகீழுவே.”

சுயம்பு பிடித்துக்கொண்டார். “ஓய், உலகத்துக்கே சூரியன் ஒண்ணுதான? அதென்ன அவனுக்கு மட்டும் மார்கழியில கோடை? புளுகுதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?”

பத்தாம் நம்பருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் புஷ்பலீலா திரும்பாமலே சொன்னாள். “அது நெசம்தான் ஐயா. எங்க அண்ணன் ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருக்கான். கிறிஸ்மஸுக்குக் கடல்ல குளிச்சிட்டு போட்டோ அனுப்புவான்.”

சுயம்புவின் முகம் செத்துப்போனது. ஒரு நிஜ டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இனி பத்து டிரிப் அடிப்பானே இந்த ஆள், என்று நினைத்தார். அப்படியேதான் நடந்தது.

“கேட்டீராவே!” எஸ்தாக்கி தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். “அங்க ஒரே நாளுல நாலு பருவமும் வந்துட்டுப் போவும். எங்க கப்பல் நீளமான கப்பல் பாத்துக்கிடும். முன்பக்கம் வெயில், பின்பக்கம் பனி. குசினி நடுவுல. நான் முன்னால போயி அப்பளத்தைக் காயப்போட்டுட்டு, பின்னால போயி மீனை ஐஸுல போட்டுட்டு வருவேன். ஒருக்கா நடக்க மறந்து நடுவுலயே நின்னுட்டேன். எடது மூக்குல சளி, வலது மூக்குல வேர்க்குரு.”

“அடேயப்பா!” என்றார் பூதத்தான்.

“காத்தைக் கேளும். அந்தக் கடல்ல காத்தைத் தடுக்க ஒரு மலை கெடையாது, ஒரு மரம் கெடையாது. பதினோரு வருஷத்துல நான் சவரம் பண்ணுனதே இல்ல. காலையில மூஞ்சியை வெளிய நீட்டுவேன், தாடியைக் காத்து வழிச்சிட்டுப் போயிரும். ஒரு நாளு என் நெழலையே அடிச்சிட்டுப் போயிட்டு. ரெண்டு நாளு நெழலு இல்லாமத்தான் சமைச்சேன்.”

“மூணாம் நாளு போலீஸ்ல சொல்லிக் கண்டுபிடிச்சீராக்கும்?” என்றார் சுயம்பு.

“இல்லவே. சமையல்காரன் நெழல்லா, பசிச்சதும் தானா வந்துட்டு.”

வார்டே சிரித்தது. சுயம்பு சிரிக்கவில்லை. கட்டுக்குள்ளே தொடையில் ஏதோ எறும்பு மாதிரி ஊர்ந்தது. ‘பொய்யைத் தவிர வேற ஒண்ணையும் சமைச்சிருக்க மாட்டான் இவன்’ என்று முனகிக்கொண்டார்.

“வானத்துல ஓசோன் ஓட்டைன்னு பேப்பர்ல படிச்சிருப்பீரே?” எஸ்தாக்கி குரலைத் தாழ்த்தினார். “எங்க கப்பல் நேரா அதுக்கு அடியில போச்சு. வெயில் சும்மா குழாயைத் தெறந்துவிட்ட மாதிரி எறங்குது. கடல்ல மீனெல்லாம் வெந்து மெதக்குது. மொளகாப்பொடி தூவுனதுதான் என் வேலை. மூணாம் நாளு கேப்டன் என் கையைப் பிடிச்சிட்டாரு. ‘எஸ்தாக்கி, நீ கடற்கரைக்காரன், வலை பொத்தத் தெரிஞ்சவன், ஒன்னைய விட்டா ஆளில்ல’ன்னாரு. நான் கொடிமரத்துல ஏறி, வலை ஊசியையும் நைலான் நூலையும் வெச்சு, ஓரத்துல இருந்து தைச்சிட்டே வந்தேன். பாதியில நூலு தீந்துட்டு. அதான் இன்னும் கொஞ்சம் பாக்கி கெடக்கு. இப்ப ஓட்டை சுருங்குதுன்னு போடுதான்லா பேப்பர்காரன்? யாரு தைச்சான்னு போட்டானா?”

“அவனுக்கு வெட்கம் இருக்கு, அதான் போடல” என்றார் சுயம்பு.

எஸ்தாக்கி அதைக் காதில் வாங்கவேயில்லை. “பனிமலை ஒண்ணு எங்க பின்னாலயே வந்துச்சுவே. முந்தி அதுக எல்லாம் எடத்தை விட்டு நகராதாம். இப்ப வெயிலு கூடிப்போயி, உருகி ஒடைஞ்சி, தாயைப் பிரிஞ்ச கன்னுக்குட்டி மாதிரி கடல் பூரா அலையுது. நான் ரெண்டு நாளு சோறு வெச்சேன், ஒட்டிக்கிட்டு. ஊருக்குக் கொண்டுபோனா குடிதண்ணிப் பஞ்சம் தீருமேன்னு கயித்தைக் கட்டி இழுத்துட்டு வந்தேன். கிளம்பும்போது நம்ம தாலுக்கா அகலம். பூமத்திய ரேகை தாண்டும்போது கப்பல் ஸ்பீட் பிரேக்கர்ல ஏறுன மாதிரி ஒரு தூக்குத் தூக்கிச்சு, அதுல பாதி போச்சு. தூத்துக்குடியில எறங்கையில பாத்தா ஒரு கிளாஸ் சர்பத்துக்குத்தான் காணும்.”

“குடிச்சீரா?” பூதத்தானுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

“வளத்த பிள்ளையை எப்படிவே குடிக்க?”

சுயம்புவுக்குப் பொறுக்கவில்லை. “ஓய் எஸ்தாக்கி! அத்தனை பனியில இருந்தவரு, இங்க வந்து எங்களோட எதுக்குவே விசிறிட்டுக் கெடக்கீரு?”

எஸ்தாக்கி கையிலிருந்த விசிறியைச் சட்டென்று தலையணைக்கு அடியில் செருகினார். “இது கொசுவுக்கு. எனக்கா வெயிலு? ஒரு நாளு அந்தக் கடல்ல தவறி விழுந்து மத்தியானம் வரைக்கும் கெடந்தேன். குளிரு எலும்புக்குள்ள எறங்கிப்போச்சு. இன்னும் வெளிய வரல. டாக்டரு எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினாரே, வெள்ளையாத் தெரிஞ்சுதே, அது என்னன்னு நெனச்சீரு?”

“எலும்பு.”

“எலும்பாவது! பனிவே. நான் நடமாடுத ஐஸ் பெட்டி. இந்த வெயிலு என்னை ஒண்ணும் செய்யாது.”

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் புஷ்பலீலா ஒரு காகிதத்தோடு வந்தாள். “நாலாம் நம்பர் வீட்டுக்குப் போறாரு. எஸ்தாக்கி ஐயா, அடுத்தது நீங்கதான். தள்ளுவண்டி வருது, ரெடியா இருங்க.”

எஸ்தாக்கி துண்டையும் பிளாஸ்க்கையும் அப்போதே நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நாலாம் நம்பர் ஃபேனைப் பார்த்து அவர் கண் மின்னியது.

சுயம்புவும் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு அன்பாக அவர் யாரிடமும் பேசியதில்லை. “சிஸ்டர், அவருக்கு வேண்டாம். ஐஸ் பெட்டி மேல காத்துப் பட்டா உள்ள இருக்க பனி இன்னும் எறுகிப்போவும். மனுஷன் வெறச்சிட்டாருன்னா பழி நம்ம மேலதான விழும்?”

வார்டில் விசிறிகள் நின்றன. பூதத்தான் எஸ்தாக்கியையே பார்த்தார்.

‘நான் சொன்னதெல்லாம் சும்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காத்து எஸ்தாக்கிக்கு; ஆனால் புளுகை ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாவிட்டால் காத்து சுயம்புவுக்கு. எப்படி விழுந்தாலும் தனக்கு லாபம் என்று சுயம்பு கண்ணை மூடாமல் காத்திருந்தார். எஸ்தாக்கி ஒரு தடவை ஃபேனைப் பார்த்தார். ஒரு தடவை பூதத்தானைப் பார்த்தார். பிறகு பிளாஸ்க்கைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

“கண்டக்டர் சொல்லுததும் சரிதான். எனக்கு எதுக்குக் காத்து? சிஸ்டர், ஒரு கம்பளி இருந்தாக் குடுங்க. லேசாக் குளிருது.”

சிஸ்டர் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு சிவப்புக் கம்பளியை எடுத்துக் கொடுத்தாள். மே மாதம், மத்தியானம் ரெண்டு மணி. மனுஷன் அதைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

சுயம்புவைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். பக்கத்து எட்டாம் நம்பர் ஓரமாகத் திரும்பும்போது அவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். எஸ்தாக்கியின் நெற்றியிலிருந்தும் மூக்கு நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்னவே ஐஸ் பெட்டி, வேர்த்து ஊத்துது?”

“வேர்வையா?” எஸ்தாக்கி கண்ணுக்குள் வழிந்ததைச் சிமிட்டிவிட்டுக்கொண்டார். “பனிவே. உருகுது. உலகம் பூரா உருகுதுல்லா, என் எலும்பு மட்டும் என்ன ஒசத்தி?”

வார்டில் எழுந்த சிரிப்பில் பத்தாம் நம்பர் கட்டிலே ஆடியது.

“உருகட்டும்” என்றாள் சிஸ்டர். “ஆனா மாவுக்கட்டு நனையாம உருகணும். நனைஞ்சா முதல்ல இருந்து போடணும், சொல்லிட்டேன்.”

நாலாம் நம்பர் கட்டில் சுயம்பு நினைத்த மாதிரியே இருந்தது. காத்து நெஞ்சில் விழுந்தது, கட்டுக்குள்ளேயும் கொஞ்சம் புகுந்தது. ஆனால் அந்த ஃபேன் கிழட்டு பஸ் மாதிரி கடகடவென்று கத்தியது. கீழே கிடந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

அந்தக் கோடியில் எஸ்தாக்கி கம்பளிக்கு வெளியே ஒரு கையை எடுத்து, காற்றில் பெரிதாக எதையோ வரைந்துகொண்டிருந்தார். சோற்றுத் தூக்கோடு வந்த ரெண்டு பேர் போக மனமில்லாமல் கட்டில் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். ‘பெங்குவின்’ என்று ஒரு வார்த்தை சுயம்பு காதில் விழுந்தது. ‘தேர்தல்’ என்று இன்னொன்று விழுந்தது. மீதியை ஃபேன் விழுங்கிவிட்டது. பூதத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சுயம்பு முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். “என்னவே அது? பெங்குவின் என்ன செஞ்சுதாம்?”

யாரும் திரும்பவில்லை.

“ஏ பூதத்தான்! ஒம்மத்தான் கேக்கேன். யாரு தேர்தல்ல நின்னா? பெங்குவினா?”

பூதத்தான் கட்டுப் போட்ட ரெண்டு கையோடும் மெல்லத் திரும்பினார்.

“ஒண்ணுமில்லவே, எல்லாம் பொய்யி. நீரு காத்து வாங்கும்.”