முப்பத்தொரு முதலாளிகள்

தடக் தடக்கென்ற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. ஐஸ் பிளான்ட்டின் கம்ப்ரசர். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்த தவசிக்கனி, வாசலில் செருப்பைக் கழற்றினார்.

அடுத்த துறைமுகத்தில் அவருக்கும் ஓர் ஐஸ் பிளான்ட் உண்டு. வயது ஐம்பத்தெட்டு. அவர் குருவாக நினைத்த ஜெசிந்தாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முதலாளி கைவிட்டுப்போன இடம் இது. வேலை பார்த்தவர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். இன்று முப்பத்தொரு பேர். அவள் தலைவி. ஐஸ் கட்டிகளை மூடும் உமிச் சாக்கின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தனி முதலாளியா இருந்து பாத்தேன்மா. மச்சானோட பங்கு போட்டுப் பாத்தேன். பிரைவேட் லிமிடெட்னு போர்டும் மாட்டினேன். அதட்டினேன், கொஞ்சினேன், பிரியாணி வாங்கிப் போட்டேன்."

"பிரியாணி நல்லாருந்துச்சா?"

"சிரிக்காதம்மா. மகளுக்குத் தலைப்பிரசவம். மதுரைல பத்து நாள் கூட இருக்கணும். நான் நகர்ந்தா பிளான்ட் நின்னுரும். என்னக் கேக்காம ஒரு சுவிட்சத் தொட மாட்டானுவ."

கடைசி வாக்கியத்தில் அவர் முதுகு நிமிர்ந்துகொண்டது.

"இங்க முப்பத்தொரு பேரும் முதலாளிங்கிறீங்க. அதுல நெசமான முதலாளி யாரு?"

"சாக்கோட அந்த ஓரத்தப் பிடிங்க அண்ணாச்சி."

பிடித்தார். நாலு தையல் விழுந்திருக்கும். கம்ப்ரசர் நின்றது.

"யாரு நிறுத்தச் சொன்னது?" தவசிக்கனி துள்ளி எழுந்தார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தாவும் ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

நிறுத்தியவள் பிலோமி. போன மாதம் முப்பத்தொன்றாவது ஆளாகச் சேர்ந்தவள். "நெடி அடிச்சுதுக்கா. அம்மோனியா கசியுதுன்னு நெனச்சேன்."

இரண்டு பேர் முகத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தார்கள். தண்ணீரை உறையவைக்கும் அந்த விஷ வாயு எங்கும் கசியவில்லை. மதிலுக்கு அப்பால் யாரோ படகை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஐஸ் இன்னைக்கு வருமா, பெருநாளைக்கா?" ஐஸுக்குக் காத்திருந்த ஒரு படகுக்காரர் கத்தினார்.

"கடல் எங்கயும் ஓடிப்போகாது மாமா, இருங்க," என்றது ஒரு குரல்.

பிலோமி உதட்டைக் கடித்தாள். ஜெசிந்தா அவளருகே வந்தாள்.

"நாளைக்கும் நெடி அடிச்சா என்ன செய்வே?"

பிலோமி கொஞ்சம் யோசித்தாள். "நிறுத்துவேன்க்கா."

"போய் ஓட்டு."

நிறுத்தியவர்தான் மறுபடி ஓட்ட வேண்டும். அது அங்கே வழக்கம்.

தவசிக்கனியால் பொறுக்க முடியவில்லை. "தப்பா நிறுத்தினவள ஒரு வார்த்த கேக்கலியே! எங்கிட்ட ஒருத்தன் இப்படித்தான் நிறுத்தினான். தெருவே கேக்கத் திட்டினேன். அதுக்கப்புறம் ஒரு பய..."

அவருடைய போன் அடித்தது.

"அண்ணாச்சி, நான் சேர்மக்கனி. இங்க நம்ம பிளான்ட்டுல நெடி அடிக்கி. கண்ணெல்லாம் எரியுது. மெஷின நிறுத்தட்டுமா?"

"நிறுத்துலே! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

காதில் அழுத்திய போனுடன் நின்றார். இருமல் கேட்டது. ஓடும் காலடிகள் கேட்டன.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களாலே? எண்ணிப் பாரு."

"பதினாலு பேரும் வெளிய நிக்கோம் அண்ணாச்சி."

"எவ்வளவு நேரமாலே அடிக்கி?"

"அரை மணி நேரமா. நீங்க முக்கியமான எடத்துக்குப் போயிருக்கீங்கன்னு..."

தவசிக்கனி போனை இறக்கினார். செருப்புக்குள் கால் சரியாக நுழையவில்லை. இரண்டு முறை தவறியது.

உள்ளே கம்ப்ரசர் மெல்ல முனகி, பிறகு தடதடத்தது. விசைக்குப் பக்கத்தில் பிலோமி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்து நின்றாள்.

"நெசமான முதலாளி யாருன்னு கேட்டீங்களே அண்ணாச்சி."

அவர் திரும்பினார்.

"இன்னைக்கு பிலோமி," என்றாள் ஜெசிந்தா. உள்ளே போய்ச் சாக்கிலிருந்து ஊசியைப் பிடுங்கி, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.