தலைவர் சொன்ன சாட்சி

காலனியில் பிறந்த நர்ஸ் தேசம்மாள் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிவிட்டாள். "எங்கள் தெருவில் ஊர்க்காரர் யாரும் கால் வைத்ததே இல்லை" என்று அதில் ஒரு வரி.

பஞ்சாயத்துத் தலைவர் சடையப்பருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆட்களோடு அந்தப் புத்தகம் இருந்த நூலகத்துக்குள் நுழைந்தார்.

"பச்சைப் பொய்! ஊர்க்காரன் ஒருத்தன் கண்ணிலயும் இது படக்கூடாது. எங்கயாவது கொண்டுபோய் ஒளிச்சு வை!"

நூலகம் பெருக்கும் இருளாயி பணிவாகக் கேட்டாள். "எங்க காலனியில வச்சிரட்டுங்களா ஐயா?"

"அதான் சரி! அங்க நம்மாளு எவன் வரப்போறான்?"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் சடையப்பருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

இருளாயி புத்தகத்தில் அந்த வரி இருந்த பக்கத்தை விரித்து நீட்டினாள்.

"சாட்சிக்கு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க ஐயா."