கொம்பில்லாத பாட்டனார்

நாணல்காட்டுக் காண்டாமிருகம் கொம்பையாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டு. பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் புதர் நின்றாலும் அவருக்கு ஒன்றுதான். பளிச்சென்று தெரிந்தது ஒரே ஒரு பொருள். அது அவருடைய மூக்கின் மேலிருந்த கொம்பு! காலையில் கண் விழித்ததும் அதுதான் முதலில் தெரியும். அதனால் உலகத்திலேயே முக்கியமானது அதுதான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் மூக்கு இருக்கிறதே, அபாரமான மூக்கு! நாணல்காட்டுக் காண்டாமிருகங்கள் எல்லாம் ஒரே மேட்டில்தான் சாணம் போடும். அது அவர்கள் வழக்கம். அந்த மேட்டை ஒருமுறை முகர்ந்தால் போதும். யார் வந்தார்கள், யார் போனார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாச் செய்தியும் தெரிந்துவிடும். கொம்பையாவும் ஒரு காலத்தில் தினமும் முகர்ந்தவர்தான். கொம்பு நீளமானதும், "நான் போய்ச் சாணியை மோந்து பாக்கணுமா?" என்று விட்டுவிட்டார். வந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

அந்தக் கோடையில் ஆறு வற்றியது. மிஞ்சியது ஒரே ஒரு சேற்றுக் குளம். பன்றிகள் வந்து கலக்கிவிடுமே என்று கொம்பையா ஒரு சட்டம் போட்டார்.

"கொம்பு இருக்கிறவங்க மட்டும் இறங்கலாம்!"

காவலுக்குச் சிங்காரம் என்ற எருமை நின்றான். அவனுக்கு இரண்டு கொம்பு. சட்டப்படி கொம்பையாவைவிட அவனுக்குத்தான் தகுதி அதிகம். நல்லவேளை, அவனுக்கு அது உறைக்கவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில் சேற்றழகி வந்தாள். அவளும் காண்டாமிருகம்தான். போன வெள்ளத்தில் மேல் ஆற்றிலிருந்து அடித்து வரப்பட்டு, எங்கெங்கோ அலைந்து இந்தப் பக்கம் வந்தவள். வழியில் பாறையில் மோதிக் கொம்பு போய்விட்டது. தோல் வெயிலில் வெடித்திருந்தது. வயிற்றில் பிள்ளை வேறு.

"நில்லு! கொம்பு எங்கே?" என்றான் சிங்காரம்.

"உடைஞ்சு போச்சு தம்பி. சேத்துல கொஞ்சம் படுத்துக்கறேன். வயித்துல பிள்ளை இருக்கு. இந்த வெயில் இன்னும் பத்து நாள் அடிச்சா நாங்க ரெண்டு பேருமே தாங்க மாட்டோம்!"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணன் சட்டம்!"

சத்தம் கேட்டுக் கொம்பையா வந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாருடா இது, இவ்வளவு பெரிய பன்னி?"

"அண்ணே, நான் உங்க இனம்தான்! ரெண்டு வாரமா சாண மேட்டுல நானும்தான் போட்டுட்டு வரேன். நீங்க மோந்து பாக்கலையா?"

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. "சாணியெல்லாம் ஒரு சாட்சியா? போ, போ!" என்று விரட்டிவிட்டார். சேற்றழகி தள்ளாடிப் போய், ஒரு இலந்தை மரத்தின் அரைகுறை நிழலில் படுத்தாள்.

இதையெல்லாம் கொம்பையாவின் முதுகில் உட்கார்ந்து ஒரு மைனா பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்ததால் எல்லாரும் அவளைக் கண்ணாடி என்று கூப்பிட்டார்கள். உண்ணி பொறுக்குவது அவள் தொழில். மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சிதான். எந்த எலும்பைப் பார்த்தாலும் குனிந்து பார்க்காமல் போகமாட்டாள்.

"அண்ணே, அவ கால்ல மூணு விரல் இருக்கு. உங்களுக்கும் மூணு. பன்னிக்கு ஏது மூணு?"

"கொம்பு இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு!"

கண்ணாடி மறுபடியும் உண்ணி பொறுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காய்ந்த ஆற்றங்கரை பொலபொலவென்று சரிந்தது. உள்ளிருந்து ஒரு மண்டையோடு எட்டிப் பார்த்தது. கொம்பையாவின் தலையைப் போல ஒன்றரை மடங்கு!

"எவ்வளவு கம்பீரம்! யாரா இருக்கும்? கண்ணாடி, நீ பாத்துச் சொல்லு!" என்றார் கொம்பையா.

கண்ணாடிக்குப் பிடித்தமான வேலை! மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். மண்டையோட்டின் தாடைக்குள் புகுந்து பல்லைப் பார்த்தாள். அப்புறம் கொம்பையாவிடம் வந்தாள்.

"வாயைத் திறங்க அண்ணே! ஆ காட்டுங்க! இன்னும் பெருசா!"

அவர் வாய்க்குள் நுழைந்து பார்த்தாள். பறந்து போய்ச் சேற்றழகியின் வாய்க்குள்ளும் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"சந்தேகமே இல்லை. பல்லு அப்படியே உங்க பல்லு மாதிரி. இவர் உங்க வம்சம்தான் அண்ணே! இந்தக் காடு முளைக்கறதுக்கு முன்னால வாழ்ந்தவர். இப்போ இவர் வகையில ஒருத்தர்கூட இல்லை."

கொம்பையாவின் கண் கலங்கியது. "என் பாட்டனார்!" என்று மண்டையோட்டோடு மூக்கை உரசினார். உடனே பின்வாங்கினார்.

"கொம்பு எங்கே?"

"கொம்பு எலும்பு இல்லை அண்ணே. முடியும் நகமும் எதுல ஆனதோ, அதுல ஆனது. மண்ணுக்குள்ள எலும்பும் பல்லும் தங்கும். கொம்பு மக்கிப் போயிடும். இந்த மூக்கெலும்பைப் பாருங்க, சொரசொரன்னு இருக்கா? இதுக்கு மேலதான் இருந்திருக்கும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் பாட்டனாருக்குக் கொம்பு வெச்சே ஆகணும்!"

கூரான மரக்கட்டை ஒன்றை உருட்டி வந்து பாட்டனார் மூக்கில் வைத்தார். விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"அண்ணே, வேண்டாம்!" என்று கண்ணாடி கத்தினாள்.

கொம்பையா கேட்கவில்லை. கட்டையை அழுத்திப் பதிக்க ஓடி வந்து ஒரே முட்டு! பாட்டனார் பக்கவாட்டில் உருண்டார். கொம்பையா பின்னாலிருந்த பாறையில் போய் மோதினார்.

படக்!

கண்ணைத் திறந்தார். எப்போதும் முன்னால் தெரிவது தெரியவில்லை. வலி உயிர் போயிற்று. சேற்றில் மூக்கை வைக்கலாமென்று குளத்துக்கு ஓடினார்.

"நில்லு! கொம்பு எங்கே?"

"டேய் சிங்காரம், நான்தான்டா கொம்பையா!"

"அவருக்குக் கொம்பு இருக்குமே! நீ வேற ஏதோ பன்னி."

"என் குரல் தெரியலையா?"

"சட்டத்துல குரலைப் பத்தி ஒண்ணும் இல்லை. போ, போ!"

தன் வாயிலிருந்து போன அதே 'போ, போ' தன்னிடமே திரும்பி வந்தது. ஈ மொய்க்கும் மூக்கோடு கொம்பையா வெயிலில் நடந்தார். நிழல் என்று இருந்தது அந்த இலந்தை மரம் ஒன்றுதான். அங்கே சேற்றழகி எழ முடியாமல் கிடந்தாள். கொம்பையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

சேற்றழகி மூக்கை மட்டும் தூக்கி முகர்ந்தாள்.

"வாங்க கொம்பையா அண்ணே! நிழலுக்கு வாங்க. ஒரு வாரமா உங்களுக்கு வயிறு சரியில்லையே, இப்போ தேவலையா?"

வயிற்று வலியைக் கொம்பையா யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சேற்றழகி உடம்பை இழுத்து இழுத்து நகர்ந்து, அந்த அரைகுறை நிழலிலும் பாதியை அவருக்குக் கொடுத்தாள்.

வெகு நாளைக்குப் பிறகு கொம்பையா நன்றாக மூச்சை இழுத்து முகர்ந்தார். மேல் ஆற்று மண் வாசனை வந்தது. பிள்ளைத்தாய்ச்சி வாசனை வந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத காண்டாமிருக வாசனை வந்தது.

"தங்கச்சி! உன்னைப் போய் விரட்டினேனே! எழுந்திரும்மா, என் மேல சாஞ்சுக்கோ!"

இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு குளத்துக்கு வந்தார்கள்.

"நில்லு! ரெண்டு பேருக்கும் கொம்பு எங்கே?"

"கண்ணை மூடுடா! மூடிட்டு மோந்து பாரு!" என்றார் கொம்பையா.

சிங்காரம் கண்ணை மூடி முகர்ந்தான். பதறிப் போய்க் கண்ணைத் திறந்தான்.

"ஐயையோ! அண்ணன்!"

"என்னை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அவளை இறக்கு!"

சேற்றழகி சேற்றில் இறங்கி, வெடித்த தோல் நனைய, அப்பாடா என்று கண்ணை மூடினாள். அன்றோடு அந்தச் சட்டம் போயிற்று. பன்றிகளும் வந்தன. சேறு நன்றாகக் கலங்கியது. கலங்கிய சேற்றில்தான் புரள்வதற்குச் சுகம் என்பது கொம்பையாவுக்கு அப்போதுதான் தெரிந்தது!

முதல் மழை பெய்த காலையில் சிங்காரம் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணே! சேத்தழகி அக்காவுக்குக் குட்டி பொறந்திருக்கு! ஆனா..."

"ஆனா என்னடா?"

"கொம்பே இல்லை அண்ணே!"

கொம்பையா வயிறு குலுங்கச் சிரித்தார். அவருடைய மூக்கிலும் அப்போது ஒரு விரல் உயரம்தான் புதிதாக முளைத்திருந்தது.

"நான் பொறந்தப்பவும் இல்லைடா!" என்று சொல்லிவிட்டு, குட்டியை முகர்ந்து பார்க்க ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்.

முளைக்கும், உடையும், மறுபடியும் முளைக்கும் ஒன்றை வைத்து யாரையும் தள்ளி வைக்காதீர்கள். பக்கத்தில் போய் அறிந்துகொண்டால்தான் தன்னவர் யாரென்று தெரியும்.