பூனை பாலை விட்ட கதை

அந்தக் காலத்தில், பூனையும் நாயும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, கடற்கரை ஊர் ஒன்றில் கடுவன் என்றொரு பூனை இருந்தது. வலை முடையும் மிக்கேலம்மாள் வீட்டில் அதற்குச் சோறு. அவளுடைய ஆடு கறக்கும் கொஞ்சப் பாலில் பாதி அவள் காப்பிக்கு, பாதி கடுவனுக்கு.

ஒரு புதன்கிழமை காலை மிக்கேலம்மாள் மாதா கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்தாள்.

"என்னக்கா, அடுப்புக்குள்ள விழுந்துட்டியா?"

"தவக்காலம் தொடங்கியாச்சுல. ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா வரைக்கும் பிடிச்சது ஒண்ணை விடணும். நான் காப்பிக்குப் பால் விடுறத விட்டுட்டேன். நீ என்னத்த விடப்போற?"

கடுவன் யோசித்தது. "குளிக்கிறத விடுறேன்."

"நீ என்னைக்குல குளிச்ச?"

"அப்போ எலி பிடிக்கிறத."

"அத விட்டுத்தான் வருசக்கணக்காச்சே!"

வாசலில் படுத்திருந்த நாய் உருண்டு உருண்டு சிரித்தது. கடுவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பால்! இனி பாலைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டேன்!"

அடுத்த வீட்டுப் பிலோமி பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்தாள். பச்சைப்பிள்ளைக்குத் தாய்ப்பால் இல்லை. மிக்கேலம்மாள் தன் பங்கையும் கடுவன் பங்கையும் சேர்த்துக் காய்ச்சி அந்தப் பிள்ளைக்குக் கொண்டுபோனாள்.

வெள்ளிக்கிழமை வரைதான் கடுவன் தாக்குப்பிடித்தது. அன்று காலை பாலை ஆறவைத்துவிட்டு அவள் கொல்லைப்பக்கம் போனாள். மணம் மூக்கைப் பிடித்து இழுத்தது. 'பார்க்க மாட்டேன் என்றுதானே சொன்னேன்?' கண்ணை இறுக மூடிக்கொண்டது. சட்டி காலி.

"பாலை என்னல செஞ்ச?"

"சத்தியமா நான் பார்க்கவே இல்லக்கா." மீசையில் பாலாடை தொங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை வீறிட்டது.

"அது எதுக்கு அழுவுது?"

"நீ பார்க்காத பாலுக்கு."

கடுவன் வலைக்குவியலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. கண்ணை மூடத் தெரிந்த பூனைக்குக் காதை மூடத் தெரியவில்லை. சாயங்காலக் கறவை வரை அந்த அழுகை ஓயவில்லை.

அடுத்த பால் காய்ந்து இறங்கியபோது, பிலோமிக்கு மயக்கம் என்று சத்தம் கேட்டது. மிக்கேலம்மாள் போட்டது போட்டபடி ஓடினாள். அந்த வீட்டு வாசலில்தான் கடுவன் நினைவு வந்தது. தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

சட்டியை மோந்து பார்க்க வந்த நாய், மூக்கில் கீறலோடு மூலையில் முனகிக்கொண்டிருந்தது. கடுவன் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை அகலத் திறந்து பாலையே பார்த்துக்கொண்டிருந்தது. எச்சில் தரையில் வடிந்தது. ஒரு சொட்டுப் பால் குறையவில்லை.

"கண்ணெடுத்தும் பார்க்க மாட்டேன்னியேல?"

"சீக்கிரம் எடுத்துட்டுப் போக்கா. நான் ஒண்ணும் அவ்வளவு நல்லவன் இல்ல."

பிலோமி தேறினாள். பிள்ளையும் கொழுகொழுவென்று ஆயிற்று. பாஸ்கா அன்று மிக்கேலம்மாள் கடுவனுக்குச் சட்டி நிறையப் பால் ஊற்றினாள். அது ஆசையாகக் குனிந்தது. வெள்ளைப் பாலுக்குள் அழுகிற பிள்ளையின் முகம் தெரிந்தது. நாக்கு உள்ளே போய்விட்டது.

"குடில, ராசா. தவக்காலம் முடிஞ்சு போச்சு."

கடுவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தது.

அன்று முதல்தான் பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிறது. உலகமே இருண்டுவிட்டதாக அது நினைக்கிறது என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதனால் குடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.