டிராகன் மலைக்குச் சட்டம் போட்ட உடும்பு

கங்குமலைக் காட்டில் டிராகன்கள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றுக்கு இறக்கை இருந்தது, வாயில் நெருப்பு இருந்தது, வேண்டிய அளவு மந்திர சக்தியும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். வாயடக்கம்!

அந்த மலையில் டிராகன் எதைச் சொன்னாலும் பலித்துவிடும். மலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கும். கதை கேட்கிற பிள்ளைகள் மாதிரி அடிவயிற்றிலிருந்து "உம்" கொட்டும். மலை உம் கொட்டிவிட்டால் சொன்னது நடந்தே தீரும்.

கொப்பரை என்று ஒரு குண்டு டிராகன். அவன் ஒருநாள் பக்கத்துக் குகைக்காரனைப் பார்த்து, "உனக்கு இப்பல்லாம் கொம்பு முளைச்சிடுச்சுடா!" என்று எகிறினான். "உம்" என்றது மலை. பக்கத்துக் குகைக்காரனின் மூக்கு நுனியில் புதிதாக ஒரு கொம்பு! "உன் வாயில மண்ணு விழ!" என்று அவன் திருப்பிக் கத்தினான். கொப்பரைக்கு வாய் நிறைய மண். சமாதானம் செய்ய நடுவில் புகுந்த அப்பாவி ஒருவனை இருவரும் சேர்ந்து, "போடா வெங்காயம்!" என்றார்கள். அவ்வளவுதான். யாருக்கோ புத்தி வந்து, "நீ டிராகன்தாண்டா!" என்று சொல்லும்வரை மலையில் எல்லார் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

இதையெல்லாம் பார்த்து மிகவும் பயந்தவள் தணலி. அவளிடம் ஒரு முட்டை இருந்தது. எத்தனையோ காலம் காத்திருந்து இட்ட ஒரே முட்டை. யாராவது கோபத்தில், "அது கூமுட்டை!" என்று சொல்லித் தொலைத்தால் என்ன ஆவது? சாப்பிடக்கூடப் போகாமல் முட்டைமேலேயே படுத்துக் கிடந்தாள். உடம்பு துரும்பாக இளைத்துவிட்டது.

மலையடிவாரத்தில் ஒரு பொந்தில் உடும்பு ஒன்று இருந்தது. அதன் பெயரே பொந்தன்தான். காக்கா முட்டை, கௌதாரி முட்டை, ஆமை முட்டை என்று பொந்தன் ருசி பார்க்காத முட்டை கிடையாது. டிராகன் முட்டை மட்டும்தான் பாக்கி. தணலியின் முட்டையை ஒருமுறை தூரத்தில் நின்று பார்த்திருந்தான். பரங்கிக்காய் அளவு, பொன் நிறம். அன்றிலிருந்து அவனுக்கு வேறு எந்த முட்டையும் தொண்டையில் இறங்கவில்லை.

டிராகன்கள் வாயால் கெட்டுக்கொண்டிருக்கிற சேதி கேட்டதும் பொந்தன் வாலை ஆட்டிக்கொண்டு மலையேறிப் போனான்.

"யாருடா நீ?" என்று கேட்டார் கரும்புகையார். கூட்டத்திலேயே மூத்தவர் அவர்தான்.

"என்ன பெரியப்பா இப்படிக் கேட்டுட்டீங்க! இந்த வாலைப் பாருங்க, செதிலைப் பாருங்க. யாரு ஜாடை? நான் உங்க பங்காளி! எங்க பக்கம் நெருப்பு மட்டும் அணைஞ்சு போச்சு. அதுக்காகச் சொந்தம் விட்டுப்போயிடுமா?"

உடும்பின் பேச்சுக்கு அப்போது மலை காது கொடுப்பதில்லை. அதனால் பொய் பொய்யாகவே நின்றது.

"சரி, வந்த விஷயம்?"

"உங்க மந்திரத்துக்கு ஒரு சட்டதிட்டம் இல்ல பெரியப்பா. அதான் இத்தனை கூத்து! எங்கிட்ட விடுங்க. அழகா அமைச்சுத் தரேன்."

டிராகன்களுக்குச் சந்தோஷம். எரிமலை வாயைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். பொந்தன் ஒரு பாறைமேல் ஏறி, தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"முதல்ல, அடுத்தவங்களைப் பத்திச் சொல்றது எதுவும் பலிக்கக் கூடாது. தன்னைப் பத்தித் தன் வாயால சொன்னா மட்டும்தான் பலிக்கணும்!"

"ஆகா!" என்றாள் முட்டையைக் கையோடு தூக்கி வந்திருந்த தணலி. அவள் கண் கலங்கிவிட்டது. இனி எவன் வாயும் அவள் முட்டையைத் தொட முடியாது.

கொப்பரைக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஒண்ணைச் சொல்லிட்டு, அப்புறம் மாத்திச் சொன்னா?"

பொந்தன் இதை யோசித்திருக்கவில்லை. ஆனால் இத்தனை பெரிய டிராகன்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தெரியாது என்று சொல்ல மனம் வருமா? "சொன்னா சொன்னதுதான்!" என்று பாறையைத் தட்டினான். "சொன்னது நடந்து முடியற வரைக்கும் மாத்தவே முடியாது. பேச்சுன்னா ஒரு மரியாதை வேண்டாமா?"

எல்லாரும் இறக்கையைத் தட்டினார்கள். பொந்தனுக்குத் தலை கால் புரியவில்லை. ஆனால் உள்ளே வைத்திருந்த சூழ்ச்சியை மட்டும் மறக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு. சும்மா கிடைச்சா எதுக்கும் மதிப்பு இருக்காது. மந்திரத்துக்கும் ஒரு விலை வேணும். சொன்னது நடந்து முடிஞ்சதும், சொன்னவங்க தூங்கிடணும். உடம்புக்குத் தக்கபடி தூக்கம். பெரிய உடம்புக்குப் பெரிய தூக்கம், சின்ன உடம்புக்குச் சின்னத் தூக்கம்."

"தூங்கறதுதானே? நல்லதுதான்!" என்றான் கொப்பரை. அவனுக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான்.

"இவ்வளவு செஞ்சவனுக்கு நாங்க என்ன தரட்டும்?" என்று கேட்டார் கரும்புகையார்.

"பெரிசா ஒண்ணும் வேண்டாம் பெரியப்பா. இந்தச் சட்டத்துல என்னையும் சேர்த்துக்கங்க. மலை என் பேச்சையும் கேட்கட்டும்!"

மந்திர சக்தி ஓசியில் கிடைக்கிற இடத்தில் பொந்தன் விடுவானா? டிராகன்கள் சம்மதித்தார்கள். எரிமலை வாய்க்குள் தலையை நீட்டி, சட்டம் முழுவதையும் ஒரே குரலில் சொன்னார்கள். "உம்ம்ம்" என்று மலை நீளமாகக் கொட்டியது.

மறுநாள் உச்சி வெயிலில் புதுச் சட்டத்துக்கு வெள்ளோட்டம். பொந்தன்தான் ஏற்பாடு. "ஒவ்வொருத்தரா உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லுங்க!" என்று உற்சாகப்படுத்தினான்.

"நான் மயில் மாதிரி ஆடுவேன்!" என்றான் கொப்பரை. உம்! அந்தக் குண்டு உடம்பு பாறைக்குப் பாறை குதித்து ஆடியதைப் பார்த்து மலையே குலுங்கியது. ஆட்டம் முடிந்ததும் பொத்தென்று விழுந்து குறட்டை விட்டான். "என் முதுகுவலி போயிடுச்சு!" என்றார் கரும்புகையார். உம்! முதுகு நிமிர்ந்தது. நிமிர்ந்தபடியே தூங்கிப்போனார். ஒருவன் பாடினான், ஒருத்தி வானவில் நிறத்துக்கு மாறினாள். சிறிது நேரத்தில் மலை முழுக்கக் குறட்டைச் சத்தம்.

தணலி மட்டும் வாயே திறக்காமல் முட்டையோடு தன் குகைக்குள் இருந்தாள். பொந்தன் அங்கே போனான்.

"அக்கா, நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்!" என்றான் பொந்தன்.

அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். முட்டையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"பறக்கணும்னு ஆசையில்லையா அக்கா?" அதற்கும் தலையாட்டல்தான். பொந்தன் குகைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தான். சட்டென்று ஒன்று தோன்றியது. முகத்தில் கரிசனத்தை வரவழைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அது கிடக்கட்டும். சாப்பிட்டீங்களா அக்கா?"

"ஆச்சு தம்பி, இப்பதான் சாப்பிட்டேன்."

வாயில் வந்துவிட்டது! பாவம், அவள் எங்கே சாப்பிட்டாள்? பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் யாராவது சாப்பிட்டீர்களா என்று கேட்டால், பட்டினியாகக் கிடந்தாலும் ஆச்சு என்றுதானே நாக்கு சொல்கிறது?

"உம்" என்றது மலை. தணலியின் வயிறு விருந்து சாப்பிட்டது போல நிறைந்தது. பெரிதாக ஓர் ஏப்பம் விட்டாள். "அடப்பாவி..." என்று தொடங்கினாள். முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது.

பொந்தன் சிரித்த சிரிப்பில் வால் நுனிவரை குலுங்கியது. முட்டையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தான். உடும்புப் பிடி! இனி யாராலும் பிடுங்க முடியாது. குகை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். வெற்றி தலைக்கேறியிருந்தது. பங்காளி மரியாதையும் விட்டுப்போகக் கூடாதல்லவா?

"வரட்டுமா அக்கா? போயிட்டு வரேன்!"

"உம்" என்று ஒரு சத்தம் கேட்டது. தன் வயிறுதான் பசியில் உறுமுகிறது என்று நினைத்துக்கொண்டு பொந்தன் இறங்கிப் போனான்.

அடிவாரத்தில் தன் பொந்து வாசலில் முட்டையோடு உட்கார்ந்தான். மோந்து பார்த்தான். எச்சில் ஊறியது. எந்தப் பக்கம் உடைத்தால் ஒரு சொட்டுகூடச் சிந்தாது என்று உருட்டிப் பார்த்தான். வாயை ஆவென்று திறந்தான்.

கால்கள் எழுந்து நின்றன!

"ஏய்! எங்க போற?" என்று தன் கால்களையே கேட்டான். கால்கள் மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கின. அப்போதுதான் பொந்தனுக்கு உறைத்தது. போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யார்தான் அப்படிச் சொல்கிறார்கள்? வாய் பழகிப்போய், போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டது. போயாகிவிட்டது. இனி வந்தாக வேண்டும்!

"நான் வரமாட்டேன்! வரவே மாட்டேன்!" என்று கத்தினான். மலை கண்டுகொள்ளவில்லை. சொன்னது நடந்து முடிகிறவரை மாற்ற முடியாது. யார் போட்ட சட்டம்?

முட்டையையாவது கீழே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் போட்டால் வழியில் எந்தக் கீரியாவது தின்றுவிடுமே! நமக்குக் கிடைக்க வேண்டியதை அவன் தின்பதா? மனம் கேட்கவில்லை. நடந்துகொண்டே உடைத்தால் பாதி சிந்திவிடும். முட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டே ஏறினான். வாலால் ஒரு புதரைச் சுற்றிப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். புதர்தான் வேரோடு வந்தது.

தணலி இன்னும் எழுந்திருக்க மாட்டாள் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டு குகைக்குள் நுழைந்தான். கால்கள் நின்றன. அப்பாடா! திரும்பி ஓடலாம் என்று நினைத்த அதே நொடியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சொன்னது முடிந்துவிட்டதல்லவா? விலை கொடுக்க வேண்டாமா? சின்ன உடம்புக்குச் சின்னத் தூக்கம். முட்டையைக் கட்டிப்பிடித்தபடியே சாய்ந்துவிட்டான்.

கண் விழித்தபோது எதிரே இரண்டு பெரிய கண்கள். தணலி!

இளைத்துக் கிடந்த உடம்புக்கு எவ்வளவு தூக்கம் வரும்? கூட்டத்தில் முதலில் விழித்தவள் அவள்தான். முட்டையைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த அடிவாரத்துச் செம்மண்ணைப் பார்த்தாள். பொந்தனின் பிடியைப் பார்த்தாள். அவள் மூக்கிலிருந்து புகை கிளம்பியது.

"என்ன தம்பி பண்றே?"

பொந்தன் முட்டையை விடாமலே பல்லைக் காட்டினான். வாயில் வந்ததை உளறினான். "நான்... நான் அடைகாக்கறேன் அக்கா! நீங்க தூங்கிட்டீங்களா, முட்டை ஆறிடக் கூடாதேன்னு... பொரியற வரைக்கும் நான்தான் அடைகாப்பேன்!"

"உம்ம்ம்" என்றது மலை. இந்த முறை அது வயிற்றுச் சத்தம் இல்லை என்று பொந்தனுக்குத் தெரிந்தது.

தணலி குகை அதிரச் சிரித்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. "ரொம்ப சந்தோஷம் தம்பி! இனி யாரு தடுத்தாலும் நீ எழுந்திருக்க முடியாது. பத்திரமா பார்த்துக்க!"

அப்புறம் அவள் இறக்கையை விரித்து வானத்தில் ஒரு வட்டம் அடித்தாள். சுனையில் குளித்தாள். வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட்டாள். பொந்தனுக்கும் ஒரு வாய் கொண்டுவந்து போட்டாள். குகையில் பொந்தன் முட்டைமேல் படுத்துக் கிடந்தான். மூக்குக்குக் கீழேயே வாசனை. எச்சில் ஊறி ஊறித் தாடை வலித்தது. வாயைத் திறந்து கடிக்கப் போனால் கைகள் தாமாகவே முட்டையைத் தடவிக் கொடுத்தன. வந்து பார்த்த கொப்பரை, "பங்காளின்னா இப்படி இருக்கணும்!" என்று மெச்சினான்.

ஒருநாள் முட்டை பொரிந்தது. குட்டி டிராகன் தலையை நீட்டிப் பொந்தனைப் பார்த்தது. "அம்மா!" என்று கூப்பிட்டு, பாசத்தோடு அவன் வாலை நறுக்கென்று கடித்தது. வந்த தூக்கம் பாதியில் போய்விட்டது. பொந்தன் எழுந்து ஒரே ஓட்டமாக ஓடினான்.

"சொல்லிக்காமப் போறியே தம்பி!" என்று பின்னாலிருந்து தணலி கூப்பிட்டாள்.

பொந்தன் திரும்பவில்லை. இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, பின்னங்காலாலேயே தத்தித் தத்தி மலையிறங்கினான்.

அடுத்தவரை ஏமாற்றுவதற்காகச் சட்டம் போடுகிறவன், அந்தச் சட்டத்தில் முதலில் தானே மாட்டிக்கொள்வான்.