இரண்டு தலைமையாசிரியர்களும் பவளக்கொடியும்

செம்பாறைப்பட்டி உயர்நிலைப் பள்ளியில் முன்பு தணிகாசலம் தலைமையாசிரியராக இருந்தார். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்புகள் அடங்கிவிடும். அவருக்குப் பின் வந்த அற்புதமேரி எதையும் ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் கேட்டுத்தான் முடிவு செய்வார்.

கல்வி அதிகாரி வரதராசனுக்கு அது பிடிக்கவில்லை. "பொம்பள நிர்வாகம்னா இப்படித்தான்" என்று சொல்லி, அவரை வேறு ஊருக்கு மாற்றத் தீர்மானித்தார். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எல்லா வகுப்புகளையும் சுற்றினார். குறை எதுவும் அகப்படவில்லை.

அற்புதமேரி பக்கத்தில் எங்கோ போயிருப்பார் என்று நினைத்து, எரிச்சலோடு தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, குறிப்பு எழுதப் பேனாவை எடுத்தார். அலுவலக உதவியாளர் பவளக்கொடியைக் கூப்பிட்டார்.

"நீ ரெண்டு பேர்கிட்டயும் வேலை பார்த்தவ. யாரு ஒசத்தின்னு சொல்லு. ஆனா ஒருத்தரையும் குறை சொல்லக் கூடாது."

பவளக்கொடி பதறவில்லை.

"ரெண்டு பேருமே நல்லாத்தான் நடத்துனாங்க ஐயா. சார் இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்கும். அம்மா இல்லாட்டியும் ஒழுங்கா நடக்கும்."

"இல்லாட்டியுமா? அது எப்படி உனக்குத் தெரியும்?"

"இப்ப நீங்களே சுத்திப் பார்த்துட்டுத்தானே ஐயா வர்றீங்க. அம்மா மக பிரசவத்துக்குப் போயி இன்னையோட நாலு நாளாச்சு."

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அற்புதமேரி ஓய்வு பெறும்வரை அதே பள்ளியில்தான் இருந்தார்.