ராஜா எரிச்ச புஸ்தகம்

கண்ணை மூடிக்கோ பிலோ. ஒரு மலைமேல ஒரு ஊர், இஸ்ரவேல் ஜனங்களோட ஊர். அங்க ஒரு மைக்காரி, பேரு திர்சாள். விளக்குக் கரியையும் பிசினையும் சேர்த்து கரகர கரகரன்னு அரைச்சு மை பண்ணுவா. யாருக்கு? ராஜாவுக்கு! அங்க அப்படி ஒரு வழக்கம். யார் ராஜாவானாலும் கடவுளோட சட்டப் புஸ்தகத்தைத் தன் கைப்பட ஒரு தடவை எழுதணும். அதுல ஒரு வரி வரும்: உன் ஜனங்க உன் கூடப்பிறந்தவங்க, தலைக்கனம் வேண்டாம். ம் கொட்டுடி.

திர்சாள் சிறுமியா இருந்தப்போ இருந்த ராஜா, வாய்விட்டுப் படிச்சுப் படிச்சுத் தானே எழுதினார். மை அரைச்சுக்கிட்டே கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடமாச்சு. அந்த வரி வந்ததும் நிறுத்தி, "ஏம்மா, நீ சாப்பிட்டியா?"ன்னார். ஊர் செழிச்சுது.

அப்புறம் அவர் மகன். "கை வலிக்குது, வேற யாராவது எழுதுங்க"ன்னுட்டு வேட்டைக்குப் போயிட்டான். மதில் விரிசல் விட்டுது.

அப்புறம் பேரன். குளிர்காலம். "இந்தச் சட்டப் புஸ்தகச் சுருள் நல்லா எரியுமா?"ன்னான்.

"ராஜா, மத்ததெல்லாம் செல்லரிச்சுப் போச்சு. மிச்சம் இது ஒண்ணுதான்!"ன்னு திர்சாள் பதறினா.

"இருந்தா என்ன?" சடசடன்னு எரிஞ்சுது.

அப்போ வந்துது பாரு எதிரிப் படை. தடதட தடதட! மதில் டமால்! பயமாடி? எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, கையைக் குடு. எல்லாரையும் தூர தேசத்துக்கு நடத்திக்கிட்டுப் போனாங்க. திர்சாளுக்கு இடுப்புல மக, மடியில ஒரு மைக்கட்டி. ‘நான் வழியில செத்துட்டா, அந்த வார்த்தையெல்லாம் என்னோட போயிடுமே, என் மகளுக்கு யார் சொல்லுவா?’

ராஜாவையும் ஊருக்குத் தண்ணி சுமந்த ஒரு தண்ணிக்காரரையும் ஒரே சங்கிலியில பூட்டியிருந்தாங்க. அவர் விழுந்தா இவனும் விழணும். மூணாம் நாள் ராஜாவுக்கு நா வறண்டு போச்சு. தண்ணிக்காரர் தன் பங்குல பாதியைக் குடுத்தார்.

ராஜா குடிச்சான், அழுதான். "திர்சாள், அந்தப் புஸ்தகத்துல என்ன இருந்துது?"

"நீங்க குளிர்காய்ஞ்சீங்களே, அதுலயா?" வெடுக்குன்னு கேட்டா.

"அதேதான். நீ சொல்லு, நான் எழுதறேன்."

ஆத்தங்கரையில கரகர கரகரன்னு மை அரைச்சா. உடைஞ்ச பானை ஓட்டுல அவன் எழுதினான். அந்த வரி வந்துது. கை நின்னுது. தண்ணிக்காரரைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, சாப்பிட்டீங்களா?"ன்னான்.

ம்? ஊருக்குத் திரும்பினாங்களான்னா கேக்குறே? ரொம்ப வருஷம் ஆச்சுடி. ஆனா திரும்பினாங்க. திர்சாளோட மக தலையில கூடை, கூடை நிறைய எழுதின ஓடு, கலகல கலகலன்னு.

கதை வீடு போய்ச் சேர்ந்துடுச்சு. நீயும் தூங்கு.